கிளீனர் சீட்டும் பக்கக் கண்ணாடியும்



குவி ஆடியின் பயன் என்ன என்று எட்டாம் வகுப்பு அறிவியலில் கேட்டால், வாகனங்களில் பின்னால் வருவதைப் பார்க்க உதவுகிறது என்று ஒரு வரி எழுதி, ஒரு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவீர்கள். நானும் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுவேன். இன்று உங்களில் பாதிப்பேர் கார் வைத்திருக்கிறீர்கள். சிலர் களம்பூர் மில்லிலிருந்து அரிசி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறீர்கள், சிலர் பள்ளி வேன், சிலர் ஆட்டோ. அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. வகுப்பில் சொல்ல நேரமில்லாததை இப்போது சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் கண்ணாடி, வண்டியில் கூட உட்கார்ந்திருந்த ஒரு ஆளுக்குப் பதிலாக வந்தது. அந்த ஆள் பார்த்ததில் ஒரு பகுதியைத்தான் அது பார்க்கும். அவர் பார்த்து, கண்ணாடி பார்க்காமல் விடுகிற மிச்சத்துக்குத்தான் இன்று பிளைண்ட் ஸ்பாட் என்று பெயர். நான் மறைவுப் பகுதி என்று எழுதுகிறேன்.

கைக்கண்ணாடி

கார் வந்த புதிதில் சாலையில் வண்டிகளே குறைவு. பின்னால் யார் வருகிறார்கள் என்ற கவலை பெரிதாக இல்லை. திரும்பிப் பார்த்தால் போதும்.

அதைப் பற்றி முதலில் யோசித்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. டோரதி லெவிட் என்று இங்கிலாந்தில் ஒரு கார் பந்தய வீராங்கனை. 1906ல் மணிக்கு 146 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியவர். அவர் 1909ல் பெண்களுக்காகக் கார் ஓட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வண்டியில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், நெரிசலில் போகும்போது அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று அதில் யோசனை சொன்னார். கைப்பிடி வைத்த கண்ணாடியாக இருந்தால் நல்லது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாலை பார்க்கத் திருப்பியது அந்தப் பெண்ணின் மூளை. இன்று நம் ஊரில் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்து முகமும் தலைமுடியும் பார்க்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

1911, செங்கல் பாதை

கண்ணாடி ஒரு ஆளின் இடத்தைப் பிடித்த நாள், தேதியோடு தெரியும். 1911 மே 30. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் முதல் 500 மைல் பந்தயம். செங்கல் பதித்த வட்டப் பாதை. 40 கார்கள்.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் ஒரு மெக்கானிக். எண்ணெய் அழுத்தம் பார்ப்பது, டயரைக் கவனிப்பது, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஓட்டுபவரின் முதுகில் இருக்கிற கண் அவர்தான்.

ரே ஹாரூன் என்ற பொறியாளர் மட்டும் மார்மன் கம்பெனியின் மஞ்சள் நிறக் காரில் தனியாக வந்தார். கார் ஒல்லியாக, ஒரே இருக்கையோடு செய்யப்பட்டிருந்தது. ஒரு ஆளின் எடை மிச்சம். மற்றவர்கள் விட்டுவிடுவார்களா? பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் இவர் ஓட்டினால் எங்கள் உயிருக்கு ஆபத்து என்று புகார் கொடுத்தார்கள். நியாயமான புகார்தான். ஹாரூன் ஒரு வேலை செய்தார். 8 அங்குல நீளம், 3 அங்குல உயரத்தில் ஒரு கண்ணாடியைத் தன் முகத்துக்கு முன்னால் கம்பி வைத்துப் பொருத்தினார். சிகாகோவில் 1904ல் ஒரு குதிரை வண்டியில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாராம். புகார் அடங்கியது. பந்தயத்தில் ஜெயித்தவரும் அவரே. ஆறு மணி நேரம் நாற்பத்திரண்டு நிமிடம், சராசரி வேகம் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர்.

இதில் வேடிக்கை பிறகுதான் தெரிந்தது. அந்தச் செங்கல் பாதையில் கண்ணாடி கடகடவென்று ஆடியதில் தனக்கு ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று பல வருடம் கழித்து ஹாரூனே சொன்னார். ஆளை இறக்கிவிட்டு வைத்த முதல் கண்ணாடி, ஆளைப் போலப் பார்க்கவில்லை. பார்ப்பதாக எல்லாரும் நம்பினார்கள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். நூறு வருடமாக நாமும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

1921ல் எல்மர் பெர்கர் என்பவர் கண்ணாடியைக் காரில் பொருத்தும் பொருளாக விற்க ஆரம்பித்தார். விளம்பரத்தில் அதற்கு வைத்த பெயர், போலீஸ்காரரைக் கண்டுபிடிக்கும் கருவி! வேகமாகப் போகிறவர்கள் பின்னால் துரத்தி வரும் போலீஸைப் பார்க்க வாங்கினார்கள். பாதுகாப்பு என்று சொன்னால் விற்காது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் அந்த ஆள்

இனி நம் பக்கம் வருவோம்.

ஆரணிக்காரர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்கிற தறியில் நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா ஓட்ட இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஒருவர் கை எட்டாத ஓரத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். டிசைனுக்கு நூல் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் இருந்த காலமும் உண்டு. ஜக்கார்டுப் பெட்டி வந்து அந்த ஆளை எழுப்பிவிட்டது.

லாரியில் அந்த இரண்டாவது ஆள் கிளீனர். டாடா மெர்சிடஸ் பென்ஸ் லாரிகள் 1954க்குப் பிறகு நம் சாலைகளுக்கு வந்தன. எண்ணூர் அசோக் லேலண்டும் அதே காலம்தான். லாரி அகலம், சாலை ஒற்றைப் பாதை. ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் ஏறத்தாழ எட்டு அடி தள்ளி இருக்கிறது. அந்த இடது பக்கத்தின் கண்ணும் காதும் வாயும் கிளீனர் பையன்தான். கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, வண்டியின் தகரத்தில் தட்டுவான். வரலாம், வரலாம், லெஃப்ட்ல கட்டை, நிறுத்து என்று கத்துவான். அரிசி மில் வாசலில் லாரி ரிவர்ஸ் வரும்போது பின்னால் இறங்கி நின்று, குறுக்கே வரும் சைக்கிளையும் நாயையும் விரட்டுவதும் அவன்தான்.

பஸ்ஸில் நடத்துநர். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பலாம். படியில் யாராவது ஒரு கால் வைத்துக்கொண்டு இன்னொரு காலைத் தூக்காமல் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த இரண்டு விசில். ஓட்டுநருக்குப் படி தெரியாது. விசிலை நம்பி கியர் போட்டார்.

மூன்றாவதாக ஒரு ஏற்பாடும் இருந்தது. லாரிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒலி எழுப்பவும் என்று எழுதியிருக்கும். வடக்கே போனால் ஹாரன் ஓகே ப்ளீஸ். சிறு வயதில் அதை நாம் விளையாட்டாகப் படித்தோம். யோசித்துப் பாருங்கள், அது ஓட்டுநரின் ஒப்புதல் வாக்குமூலம். எனக்குப் பின்னால் நீ வருவது எனக்குத் தெரியாது, நீயே சொல்லிவிடு என்று பொருள். மகாராஷ்டிர அரசு 2015ல் அந்த வாசகத்துக்குத் தடை விதித்தது. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்பது காரணம். சத்தம் குறைந்தால் நல்லதுதான். ஆனால் அந்த வாசகம் சொன்ன உண்மை, பெயிண்டை அழித்தால் அழிந்துவிடாது.

காலம் மாறியது. சம்பளச் செலவு, ஆள் கிடைக்காமை, சிறிய வண்டிகளின் பெருக்கம் என்று கிளீனர் சீட் மெல்லக் காலியானது. இன்று நம் ஊருக்குள் சரக்கு இறக்கும் மினி லாரிகளில் பெரும்பாலும் ஒரே ஆள். 2018ல் நடத்துநர் இல்லாத இடைநில்லாப் பேருந்துகளும் வந்தன. ஆள் போன இடத்தில் என்ன வைத்தோம்? கண்ணாடி. அதையாவது முழுதாக வைத்தோமா?

காணாமல் போன இடது கண்ணாடி

பழைய அம்பாசிடர், பியட் கார்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பல வண்டிகளில் பக்கக் கண்ணாடியே இருக்காது. இருந்தால் முன் மட்கார்டின் மேல் தூரத்தில் ஒரு சிறு வட்டமாக நிற்கும். ஜப்பானில்கூட 1983 வரை கண்ணாடியைக் கதவில் வைக்க அனுமதி இல்லை, முன்பக்கம்தான் வைக்க வேண்டும்.

அதே 1983 டிசம்பரில் நம் நாட்டில் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பம் காருக்குள் ஏறிய வருடம். அதற்குப் பிறகு பல வருடங்கள், விலை குறைந்த மாடல்களில் ஓட்டுநர் பக்கம் ஒரு கண்ணாடி மட்டும் இருக்கும். இடது பக்கக் கண்ணாடி வேண்டுமென்றால் மேல் மாடல் வாங்க வேண்டும், அல்லது கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2009ல் சாலைக்கு வந்த டாடா நானோ வரைக்கும் இது தொடர்ந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார் கொடுக்க எதையெல்லாம் குறைத்தார்களோ, அதில் இடது கண்ணாடியும் ஒன்று.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். வலது பக்கத்தை அவர் ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பியே பார்த்துக்கொள்ள முடியும். எட்டாத பக்கம் இடது. நம் சாலைகளில் சைக்கிள், டி.வி.எஸ். 50, நடந்து போகிறவர், ஆடு மாடு எல்லாம் இடது ஓரத்தில்தான். இடது பக்கமாகப் புகுந்து முந்துகிற பழக்கமும் நமக்கு உண்டு. அதிகம் தேவைப்படுகிற கண்ணாடியை அலங்காரப் பொருள் கணக்கில் விற்றோம், வாங்கினோம்.

இன்று இரண்டு பக்கமும் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் தெருவில் நிற்கிற கார்களைப் பாருங்கள். எத்தனை கார்களில் இடது கண்ணாடி மடங்கியபடியே இருக்கிறது! தெரு குறுகல், இடித்துவிடும் என்று மடக்குவது சரி. வேலூர் சாலை ஏறிய பிறகும் மடங்கியே இருந்தால், வழி நெடுக இடது பக்கக் கண்ணை மூடிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். இரு சக்கர வண்டி வாங்கியவுடன் கண்ணாடியைக் கழற்றி வீட்டுப் பரணில் போடுகிற தம்பிகளுக்கும் இதுவே.

ஜன்னல் கணக்கு

இப்போது கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், தேர்வு இல்லை.

கண்ணாடியை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால் தெருவின் நீளம் நன்றாகத் தெரியும். நான்கு அடி பின்னால் போய் நின்றால் எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெரியும். ஜன்னல் அதேதான், கண் தள்ளிப்போனதால் காட்சி சுருங்கியது. வலது கண்ணாடி ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிற ஜன்னல். இடது கண்ணாடி தூரத்தில் இருக்கிற ஜன்னல். இரண்டும் ஒரே அளவு சமதளக் கண்ணாடியாக இருந்தால், இடது பக்கத்தில் கிடைப்பது இன்னும் ஒல்லியான காட்சி.

அதனால்தான் குவி ஆடி. வெளிப்பக்கம் புடைத்த ஆடி, பரந்த காட்சியைச் சுருக்கி ஒரு சின்ன இடத்தில் காட்டும். அதற்கு ஒரு விலை உண்டு. பிம்பம் சிறிதாகத் தெரியும். சிறிதாகத் தெரிவதை நம் மூளை தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வருகிற பஸ் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து வண்டியைத் திருப்புவோம், அது பக்கத்திலேயே இருக்கும். கண்ணாடியில் தெரிபவை தெரிவதைவிட அருகில் உள்ளன என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பது இதற்காகத்தான். அமெரிக்கச் சட்டப்படி பயணி பக்கக் குவி ஆடியில் அந்த வாசகம் கட்டாயம். ஓட்டுநர் பக்கம் அங்கே சமதளக் கண்ணாடிதான் இருக்க வேண்டும்.

சமதளக் கண்ணாடியில் ஓட்டுநருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15 முதல் 17 டிகிரிக் காட்சி. கணிதப் பாடத்தில் பாகைமானி வைத்திருந்தீர்களே, அதில் 15 டிகிரி எவ்வளவு ஒல்லி என்று பாருங்கள். டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஹிக்ஸ் என்ற கணிதப் பேராசிரியர், ஆடியின் வளைவை இடத்துக்கு இடம் கணக்குப் போட்டு மாற்றி, பிம்பம் அதிகம் கோணாமல் 45 டிகிரி வரை காட்டும் கண்ணாடியை உருவாக்கினார். 2012ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கணிதம் எதற்கு சார் என்று கேட்டவர்களுக்கு இது என் தாமதமான பதில்.

கண்ணாடியை வைக்கும் முறை

ஆனால் புதுக் கண்ணாடி வாங்காமலேயே மறைவுப் பகுதியைப் பெருமளவு குறைக்க முடியும். 1995ல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர், அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை அளித்தார். அவர் சொன்னது எளிமை. நாம் எல்லாரும் பக்கக் கண்ணாடியில் நம் காரின் உடம்பு கால்வாசியாவது தெரிகிற மாதிரி வைக்கிறோம். நம் காரை நாமே பார்த்து என்ன ஆகப்போகிறது? அது எங்கும் ஓடிவிடாது. அப்படி வைத்தால் பக்கக் கண்ணாடியும் உள் கண்ணாடியும் ஒரே இடத்தை இரண்டு முறை காட்டும். பக்கத்துத் தடத்தில் வருகிறவர் இரண்டிலும் விழாமல் போவார்.

அவர் முறையை நம் வலது பக்க ஸ்டியரிங்குக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

1. உள் கண்ணாடியில் பின்பக்கக் கண்ணாடி முழுவதும் தெரிய வேண்டும்.

2. தலையை வலது ஜன்னலை ஒட்டும் அளவுக்குச் சாயுங்கள். அந்த நிலையில் உங்கள் காரின் ஓரம் கோடு போல மட்டும் தெரியும்வரை வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள்.

3. அடுத்து, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே தலை வரும்படி இடது பக்கம் சாயுங்கள். இடது கண்ணாடியையும் அதே மாதிரி, காரின் ஓரம் கோடாகத் தெரியும்வரை வெளியே திருப்புங்கள்.

4. நிமிர்ந்து உட்காருங்கள். இப்போது பக்கக் கண்ணாடிகளில் உங்கள் கார் தெரியாது. அதுதான் சரி.

சரிபார்க்க ஒரு வழி. ஒரு வண்டி உங்களை முந்தும்போது அது உள் கண்ணாடியிலிருந்து மறைவதற்குள் பக்கக் கண்ணாடிக்கு வர வேண்டும். பக்கக் கண்ணாடியிலிருந்து மறைவதற்குள் உங்கள் கடைக்கண்ணில் நேராகத் தெரிய வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கம்பு கைமாறுகிற மாதிரி. நடுவில் கம்பு கீழே விழுந்தால் அங்கே மறைவுப் பகுதி இருக்கிறது என்று பொருள்.

முதல் இரண்டு நாள் ஒரு மாதிரி இருக்கும். பழகிவிடும். மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பின்பக்கக் கண்ணாடியைச் சேலை மூட்டையோ திரையோ மறைத்திருந்தால் இந்த முறை உதவாது, ஏனென்றால் இது உள் கண்ணாடியை நம்பியது. பின் கண்ணாடி இல்லாத சரக்கு வேனுக்கும் லாரிக்கும் பொருந்தாது. அவர்களுக்குப் பெரிய கண்ணாடியோடு பாட்டில் மூடி அளவில் ஒட்டுகிற வட்டக் குவி ஆடி நல்ல துணை. மூன்றாவது, நம் ஊர் பைக்குகள் நுழைகிற சந்துக்கு எந்த நாட்டுக் கணக்கும் போதாது. தடம் மாறும் முன் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கத்தான் வேண்டும்.

பைக் ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. ஒளியின் பாதை இரு பக்கமும் ஒன்றுதான். ஜெர்மனியில் உல்ரிக் வில்பர்கர் என்பவரின் மகள், 1994ல் சைக்கிளில் போகும்போது திரும்பிய கான்கிரீட் லாரியில் சிக்கிப் படுகாயமடைந்தார். ஓட்டுநருக்கு அந்தப் பெண் தெரியவே இல்லை. அந்தத் தகப்பன் சிக்னல் கம்பத்தில் மாட்டுகிற ஒரு குவி ஆடியை உருவாக்கினார். அதற்கு மகளின் செல்லப் பெயரையே வைத்தார், டிரிக்சி கண்ணாடி.

கண்ணாடி எட்டாத இடம்

இதுவரை சொன்னது பக்கவாட்டு விஷயம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது இனி வருவதற்காக.

கரும்பலகையில் போடுகிற மாதிரி ஒரு கணக்கு. ஒரு வேன். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். அவர் கண்ணிலிருந்து பின் கண்ணாடி 3 மீட்டர் தூரம். அந்தக் கண்ணாடியின் கீழ் விளிம்பு 1.2 மீட்டர் உயரம். பார்வைக்கோடு 3 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர், அதாவது 10க்கு 1 என்ற அளவில்தான் இறங்குகிறது. ஒத்த முக்கோணங்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஒரு எல்.கே.ஜி. குழந்தையின் உயரம் சுமார் 1 மீட்டர். கணக்குப் போட்டால் வேனின் பின் கண்ணாடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால்தான் அதன் உச்சந்தலை தெரிய ஆரம்பிக்கும். அதே குழந்தை கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிகிறது. உயரம் 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இப்போது 6 மீட்டர் தள்ளி இருந்தால்தான் தெரியும். ஒரு வகுப்பறையின் நீளம் அளவுக்கு அந்தக் குழந்தை உலகத்தில் இல்லாத மாதிரி. இதைப் பக்கக் கண்ணாடி ஈடுகட்டாது. அது வண்டியின் இரு ஓரத்தைக் காட்டும், நேர் பின்னால் இருப்பதைக் காட்டாது.

அமெரிக்காவில் 2002ல் ஒரு தகப்பன் தன் வீட்டு வாசலிலேயே காரைப் பின்னால் எடுக்கும்போது இரண்டு வயது மகனை இழந்தார். அவர் தொழில், குழந்தை மருத்துவம். கவனமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே, கேமரன் கல்ப்ரான்சன் சட்டம் என்று 2008ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் விளைவாக 2018 மே முதல் அங்கே புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம் ஆனது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம்.

நம் மாநிலத்துக்கு இந்தப் பாடம் இரண்டு குழந்தைகளின் உயிரைக் கொண்டு வந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. அதில் ஒரு விதி, ஒவ்வொரு பள்ளி வாகனத்திலும் ஓட்டுநரோடு ஒரு உதவியாளர் இருக்க வேண்டும். கவனியுங்கள். லாரியிலிருந்து இறக்கிவிட்ட அந்த இரண்டாவது ஆளைச் சட்டம் மறுபடி வண்டியில் ஏற்றியது.

பிறகு 2022 மார்ச். சென்னை வளசரவாக்கம். இரண்டாம் வகுப்பு மாணவன், தான் வந்த வேன் பின்னால் எடுக்கப்பட்டபோது பள்ளி வளாகத்துக்குள்ளேயே அடிபட்டு இறந்தான். சாலையில்லை, நெடுஞ்சாலை லாரியில்லை, பள்ளிக்கூடத்தின் உள்ளே. அதன் பிறகு அதே ஆண்டில் விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் இருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் மைதானத்தில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்களே, அதில் இவற்றையும் பார்க்கிறார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குழந்தை நேராக நடக்காது. இறங்கிப் போன குழந்தை மறந்த டிபன் பாக்ஸுக்காகத் திரும்பி ஓடிவரும். உருண்டுபோன பென்சிலுக்காக வண்டிக்கு அடியில் கை விடும். வண்டிக்கு என்னைத் தெரியும் என்று அது நம்புகிறது. டிரைவர் அண்ணன் தினமும் சிரிக்கிறாரே, அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று அதன் கணக்கு. எட்டாம் வகுப்பில் குவி ஆடி படிக்கும்வரை அதற்கு அந்த நம்பிக்கை போகாது.

நம் ஊர்த் தெருக்களுக்கும் இதே கதைதான். காலையில் பாவு நீட்டி வைத்த தெருவில், பாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கார் வாங்கியவர்கள் பெருகிவிட்டோம், வீட்டு வாசலின் அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்காமல் யாரும் வெளியே போக முடியாது.

கேமரா நல்லது, சென்சார் நல்லது. ஆனால் மழை பெய்து லென்ஸில் சேறு படிந்தால் கேமராவுக்கும் ஹாரூன் கண்ணாடியின் கதிதான். இருக்கிறது என்று நம்புவோம், தெரியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

கார் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை மேலே சொன்ன முறையில் கண்ணாடியைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மடங்கிய இடது கண்ணாடியை விரியுங்கள்.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை வண்டியைச் சுற்றி வாருங்கள். இருபது விநாடி ஆகும். வீட்டில் யாராவது இருந்தால் வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

பள்ளி வேன் ஓட்டுகிற என் மாணவர்களே, உங்களுக்குத் தனியாக. கூட வருகிற அந்த அம்மாவையோ தம்பியையோ டிக்கெட் கிழிக்காத கண்டக்டர் என்று நினைக்காதீர்கள். உங்கள் வண்டியில் 360 டிகிரியும் பார்க்கக்கூடிய ஒரே கருவி அவர். அவர் இறங்கிப் பின்னால் நின்று வரலாம் என்று சொல்லும்வரை ரிவர்ஸ் கியரில் கை வைக்காதீர்கள். பள்ளி நிர்வாகம் ஆள் போடவில்லை என்றால், விதியைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பெற்றோரும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தவர்கள் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். லாரி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள், கிளீனர் காலத்துக் கதைகளையும் சொல்லுங்கள். வேன் ஓட்டுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.

எல்லாரும் பத்திரமாக வீடு திரும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், ஆரணி